வரலாற்றுத் துறையின் ஒரு செமஸ்டர்: சேலத்தில் எந்தப் பேப்பரை எதோடு சேர்ப்பது?

அடுத்த செமஸ்டருக்கு என்னென்ன பேப்பர் என்று கேட்டால் வரலாற்றுத் துறைகளில் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வருகிறது. இந்திய வரலாற்றில் ஒரு காலகட்டம், தமிழ்நாட்டு வரலாற்றில் ஒரு காலகட்டம், உலக வரலாறு என்ற பெயரில் ஐரோப்பா, ஒரு விருப்பப்பாடம், ஒரு திறன் பேப்பர். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்தையும் முடித்த மாணவர் ஒரு கல்வெட்டையோ ஒரு வருவாய்க் கணக்கையோ ஒரு சென்சஸ் அட்டவணையையோ கையில் எடுத்துப் பார்க்காமலே தேறிவிட முடிகிறது. எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது. சேலத்தில் இருந்துகொண்டு இப்படி நடப்பது கூடுதல் வருத்தம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆய்வு முறை பேப்பரும் சேலம் வட்டார வரலாறும் ஒரே செமஸ்டரில் வர வேண்டும். அதுவும் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் இரட்டைப்படை செமஸ்டரில். வட்டார வரலாற்றை முதலில் நடத்திவிட்டு ஓர் ஆண்டு கழித்து ஆய்வு முறை நடத்தினால், முதல் பேப்பர் மனப்பாடமாகிவிடுகிறது, இரண்டாவது வெறும் இலக்கணமாகிவிடுகிறது. 'முதன்மைச் சான்று, இரண்டாம்நிலைச் சான்று வேறுபடுத்துக' என்ற கேள்விக்குப் பத்து மதிப்பெண் வாங்குகிற மாணவரிடம் ஒரு பழைய மாவட்டக் கையேட்டைக் கொடுத்து இது எந்த வகை என்று கேளுங்கள். திணறுவார். அது அவர் தப்பில்லை.

முதலில் மணிக்கணக்கு. வாரம் 5 மணி நேரம், 15 வாரம் என்றால் காகிதத்தில் 75 மணி. ஐந்து யூனிட்டுக்குப் பங்கிட்டால் யூனிட்டுக்கு 15. பொங்கல் விடுமுறை, இரண்டு இன்டர்னல் தேர்வு, விளையாட்டு விழா, கல்லூரி விழா எல்லாம் போக 60 கிடைத்தால் பெரிது. ஆகவே கற்காலத்தில் தொடங்கி உருக்காலையில் முடிக்கும் வட்டார வரலாற்றுப் பாடத்திட்டம் ஓடவே ஓடாது. ஐந்தாவது யூனிட் எப்போதும் கடைசி வாரத்தில் குறிப்பாக எழுதிப் போடப்படும். இருபதாம் நூற்றாண்டுச் சேலம் முழுவதும் அந்த ஐந்தாவது யூனிட்டில்தான் மாட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி, யூனிட்டுகளை அரச மரபு வாரியாகப் பிரிக்காமல் சான்று வாரியாகப் பிரிப்பது. அகழாய்வுப் பொருள் ஒன்று, கல்வெட்டு ஒன்று, வருவாய் ஆவணம் ஒன்று, மலை ஒன்று, நகரமும் வாய்மொழியும் ஒன்று. சேலத்தில் இந்த ஐந்துக்கும் பொருள் இருக்கிறது.

முதல் யூனிட்டுக்கு இரும்பு போதும். மேட்டூர் பக்கம் பழங்கால இரும்புப் பொருட்கள் கிடைத்த மாங்காடு, தெலுங்கனூர் இரண்டும் இருக்கின்றன. பழைய சேலம் மாவட்டத்துக்குள் அடங்கிய கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையின் இரும்புக்குக் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. காலக்கணக்கை மனப்பாடம் செய்ய வைப்பதில் பயனில்லை. அந்தக் காலம் எதிலிருந்து கணக்கிடப்பட்டது, கரித்துண்டா, பானை ஓடா, இரும்பிலேயே இருந்த கார்பனா என்று கேட்க வைக்க வேண்டும். கரித்துண்டு அந்த இரும்போடு ஒரே மண்ணடுக்கில் இருந்ததா என்பது அடுத்த கேள்வி. அங்கிருந்து கஞ்சமலைத் தாதுவுக்கும், 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் சேலத்துத் தாதுவை நம்பி நடத்திய இரும்பு ஆலைக்கும் போகலாம். நான்கு வாரம் எடுக்காதீர்கள், இரண்டரை வாரம் போதும்.

கல்வெட்டு யூனிட்டுக்குத்தான் நேரம் தாராளமாக வேண்டும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயில், இந்த வட்டாரத்தை ஆண்ட கெட்டி முதலிகள், ஆத்தூர்க் கோட்டை எல்லாம் இங்கே வரும். சிற்பத்தைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பினால் அது சுற்றுலா. மாணவர்கள் ஒரு மைப்படியாவது, அதாவது கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் நகலாவது, தங்கள் கையால் எடுக்க வேண்டும்.

முறை இதுதான். முதலில் அனுமதி: கோயில் என்றால் அறநிலையத் துறை, பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் அதற்குரிய தொல்லியல் துறை. அடுத்து கல்லைச் சுத்தம் செய்வது: தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் மட்டும். கம்பி பிரஷும் ஆசிடும் கிட்டவே வரக்கூடாது, எழுத்தின் விளிம்பு போய்விடும். தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வெளியே தள்ளி, பிரஷால் அடித்துத் தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்படி செய்ய வேண்டும். பிறகு காத்திருப்பு. தாள் பாதி காய்ந்து, தொட்டால் குளிர்ச்சி தெரிந்தும் விரலில் ஈரம் ஒட்டாத பதம் வர வேண்டும். அப்போது துணி கட்டிய பஞ்சுப் பொதியில் மையைக் கொஞ்சமாகத் தொட்டு, முதலில் ஒரு பழைய தாளில் ஒற்றிவிட்டு, பிறகு கல்லில் ஒட்டிய தாளின் மேல் மெதுவாக ஒற்ற வேண்டும். மேடான பரப்பு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும்.

கெடுவது மூன்று இடத்தில். ஈரம் அதிகமானால் மை பரவி எழுத்து மூடிக்கொள்ளும். வெயிலில் தாள் முழுக்கக் காய்ந்தால் கல்லை விட்டு எழும்பிவிடும், ஒற்றினால் இரட்டை எழுத்து விழும். மதிய வெயிலில் தெற்குச் சுவரில் வேலை செய்யாமல் காலை எட்டரைக்குள் தொடங்குவதுதான் நல்லது. மூன்றாவது, எண்ணெயும் சுண்ணாம்பும் ஏறிய சுவர். பள்ளம் நிரம்பிப் போயிருக்கும், மைப்படியில் ஒன்றும் தெரியாது. அங்கே சாய்வான வெளிச்சத்தில் புகைப்படம் எடுப்பதே சரி, பக்கவாட்டில் டார்ச் பிடித்தால் போதும்.

படி எடுத்த பின் காலம் கணக்கிட வேண்டும். இங்கேதான் ஆய்வு முறை பேப்பர் கைகொடுக்கிறது. கி.பி. ஆண்டு கிடைக்கச் சக ஆண்டோடு 78 கூட்ட வேண்டும். கலியாண்டில் 3101 கழிக்க வேண்டும். ஆட்சியாண்டு என்றால் அதில் ஒன்றைக் குறைத்துப் பட்டமேறிய ஆண்டோடு கூட்ட வேண்டும். முதலாம் இராஜராஜன் 985இல் பட்டமேறினான் என்றால் அவனது 20ஆம் ஆட்சியாண்டு 1004-05. நேராக 20ஐக் கூட்டி 1005 என்று எழுதுவது மாணவர்கள் மட்டும் செய்யும் தவறில்லை, அச்சான கட்டுரைகளிலும் உண்டு. அறுபது ஆண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருந்தால் காலம் முடிவாகாது, வேறு துணைச்சான்று தேடியே ஆக வேண்டும். கிராம ஆவணங்களுக்குப் பசலி என்ற வருவாய் ஆண்டு தெரிய வேண்டும்: 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு, தொடக்கம் ஜூலை 1.

சுழற்சி ஆண்டு, பசலி, சென்சஸ் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று எப்படி விழுகின்றன என்று காட்ட நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம். தாது 1876 சித்திரையில் தொடங்குகிறது, பசலி 1286 ஜூலையில் தொடங்குகிறது, சென்சஸ் 1871இலும் 1881இலும். 1871இல் சேலம் மாவட்ட மக்கள்தொகை சுமார் 19.67 லட்சம், 1881இல் சுமார் 16 லட்சம். பத்தாண்டில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. 'பஞ்சத்தில் மூன்றரை லட்சம் பேர் செத்தார்கள்' என்று பெரும்பாலான மாணவர்கள் உடனே எழுதுவார்கள். அங்கே நிறுத்த வேண்டும். ஊரை விட்டுப் போனவர்கள் இந்தக் கழித்தலில் சேர்ந்திருக்கிறார்கள். பஞ்சம் இல்லாதிருந்தால் பிறந்து கூடியிருக்க வேண்டிய தொகை சேரவில்லை. கணக்கெடுப்பின் குறைகள் வேறு. அதற்கும் மேலாக, அந்தச் 'சேலம்' இன்றைய சேலம் இல்லை. தருமபுரி 1965 அக்டோபர் 2இல் பிரிந்தது, நாமக்கல் 1997 ஜனவரி 1இல், தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல். திருப்பத்தூர்கூட அப்போது சேலத்தில்தான். இந்த ஒரு பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் சான்றாய்வு என்ற அத்தியாயம் முழுவதும் புரிந்துவிடும்.

வருவாய் ஆவணத்துக்கு 1792 தவிர வேறு தொடக்கம் தேட வேண்டாம். ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே செய்து பார்த்த நிலவரி ஏற்பாடுதான் பின்னால் ரயத்துவாரியாக, அதாவது உழவரிடமே நேராக வரி வாங்கும் முறையாக, மாகாணம் முழுக்கப் போனது. இந்திய வரலாற்றுப் பேப்பரில் ஒரு பத்தியாக வருவது நம் மண்ணில் நடந்தது என்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது. பாராமகால் ஆவணங்கள் அச்சில் இருக்கின்றன. லெ ஃபானுவின் 1883 மாவட்டக் கையேடும் ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியரும் இணையத்தில் கிடைக்கின்றன. இளங்கலை மாணவர்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை, அது முதுகலைக்கு. தேடும்போது பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேட வேண்டும். சங்ககிரி அங்கே சங்கரிதுர்க்கமாக இருக்கும், இன்றைய பெயரில் தேடினால் ஒன்றும் வராது.

ஏற்காடு யூனிட் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. மலைக்குப் போவது என்றாலே இருபது கொண்டை ஊசி வளைவு, ஏரி, படகு என்று முடிந்துவிடுகிறது. 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, 1882 சென்னை வனச் சட்டம், மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி மக்களின் நிலம், இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்காத ஏற்காடு வரலாறு பாதி வரலாறுதான். மலையாளி மக்களிடம் காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் பற்றிய வழக்கு இருக்கிறது, மூத்தவர் ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்கு வந்தார் என்பார்கள். அதை 'உண்மையா பொய்யா' என்று தீர்ப்புச் சொல்ல மாணவரை அனுப்பக் கூடாது. யார் சொன்னார், எந்த ஊரில், எந்தச் சந்தர்ப்பத்தில், இன்னொருவர் சொன்னதில் எது மாறுகிறது, இதைப் பதிவு செய்து வரச் சொல்ல வேண்டும். பதிவு செய்யும் முன் சம்மதம் கேட்பதும், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவதும் கட்டாயம். முடிந்தால் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த புரூஸ் ஃபுட்டின் அஸ்தி அங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வழிபாடு இருக்கும். மே மாதக் கூட்டத்தில் வேலை நடக்காது, அக்டோபர் நவம்பரில் மழையும் மூடுபனியும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் சரியான காலம். இரட்டைப்படை செமஸ்டர் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் காரணம்.

நகர யூனிட்டில் பொருள் கொட்டிக் கிடக்கிறது: 1882 சேலம் கலவரமும் விஜயராகவாச்சாரியார் மீதான வழக்கும், 1917இல் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 1930களில் வந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம், திராவிடர் கழகம் பெயர் பெற்ற 1944 ஆகஸ்ட் மாநாடு. ஒன்றை மட்டும் ஆழமாக எடுங்கள் என்றால் நான் 1950 பிப்ரவரி 11ஐச் சொல்வேன். சேலம் சிறையில் துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். அரசின் அறிக்கை, அன்றைய பத்திரிகை, கட்சியின் நினைவு நூல்கள் மூன்றையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடலாம். எந்தச் சான்று யாருக்காக எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நம் மாவட்டத்தில் கிடைக்காது.

'இதெல்லாம் குரூப் 4க்கு உதவுமா சார்' என்ற கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டு வரலாற்று பேப்பர் அதற்கு இருக்கிறது, அதை நீக்கச் சொல்லவில்லை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட், செட் எழுதுகிறவர்களுக்கு இந்த இரண்டு பேப்பரும் நேராகவே பயன்படும். மணி நேரம் போதாது என்றால் உலக வரலாற்றை ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளம் வழியாக எடுக்க அனுமதிக்கலாம். யுஜிசி விதி ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை இடம் தருகிறது. ஆனால் ஸ்வயம் தேர்வு முடிவு பல்கலைக்கழக முடிவோடு ஒரே சமயத்தில் வராமல் போகலாம், ஆகவே ஆறாவது செமஸ்டரில் வேண்டாம். டிகிரி சான்றிதழ் தாமதமாகும்.

இணைவு பெற்ற கல்லூரிகளுக்குப் பாடத்திட்டத்தை மாற்றும் உரிமை இல்லை, தெரியும். ஆனாலும் கொடுத்த விருப்பப்பாடப் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுப்பது, இன்டர்னல் 25இல் அசைன்மென்டை எப்படி வைப்பது என்பது துறையின் கையில்தான் இருக்கிறது. 'கட்டுரை எழுதி வா' என்பதற்குப் பதில் ஒரு சான்றுத் தாள் கேளுங்கள்: ஒரு கல்வெட்டு வரியோ கெசட்டியர் பக்கமோ, அதன் படி, காலக் கணக்கு, அதிலிருந்து சொல்லக்கூடியது இரண்டு வரி, சொல்ல முடியாதது இரண்டு வரி. ஜெராக்ஸ் கடையில் ரெடிமேடாக வாங்கும் புராஜெக்டுக்கு இது தடுப்பு. ஒவ்வொருவருக்கும் வேறு பக்கம் கொடுத்துவிட்டால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத முடியாது.

கால அட்டவணையில் இரண்டு பேப்பரின் கடைசி மணிகளையும் ஒரே பிற்பகலில் சேர்த்து மூன்று மணி நேரமாக வாங்குங்கள். கிழமைக்குப் பதில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணிப் போகும் டே ஆர்டர் முறை உள்ள கல்லூரியில் அந்தப் பிற்பகல் வாரத்துக்கு வாரம் மாறும், சனிக்கிழமையில் விழுந்தால் அரசு அலுவலகங்கள் பூட்டியிருக்கும். அதனால் களப்பணி நாட்களை மட்டும் தேதி போட்டு முதல்வரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மைப்படி எடுக்கும் நாளுக்குப் பிற்பகல் ஒத்துவராது, அதைக் காலையில் கேளுங்கள். அனுமதிக் கடிதங்கள் அக்டோபருக்குள் போக வேண்டும், பதில் வர ஒரு மாதமாவது ஆகும். கடிதத்தில் மாணவர் எண்ணிக்கை, பொறுப்பாசிரியர், எடுக்கப்போகும் படிகள், பயன்படுத்தும் பொருட்கள் எல்லாம் எழுதுங்கள். மைப்படி என்று மொட்டையாக எழுதினால் மை கல்லில் படும் என்று பயந்து மறுத்துவிடுவார்கள். தாளின் மேல் மட்டுமே மை படும் என்ற வரியைச் சேர்த்து, முன்பு எடுத்த ஒரு படியின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.