அக்கா மகளின் ஸ்டார்பக்ஸ் ப்ராஜெக்டும் எங்கள் களத்துக் காப்பியும்

கோவையில் எம்.பி.ஏ. படிக்கும் அக்கா மகள் பொங்கலுக்கு வந்திருந்தாள். அமெரிக்கக் காப்பிக்கடை நிறுவனமான ஸ்டார்பக்ஸின் தொழிற்சூழலை அலசி ஒரு ப்ராஜெக்ட் எழுத வேண்டுமாம். "மாமா, நீங்கதான் காப்பித் தோட்டம் வச்சிருக்கீங்களே, படிச்சுப் பாருங்க" என்று லேப்டாப்பைக் களத்துக்கே தூக்கிவந்துவிட்டாள். பந்தலூர் பக்கம், வயநாட்டு எல்லையை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரொபஸ்டா ரகக் காப்பி இருக்கிறது. ஜனவரி என்றால் இங்கே வீட்டுக்கு வீடு தார்ப்பாயில் காப்பிப்பழம் காயும்.

அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம் என்று பத்துப் பக்கம் எழுதியிருந்தாள். கடைசியில் சுற்றுச்சூழல். காகிதக் கப், பிளாஸ்டிக் ஸ்ட்ரா என்று நாலே வரி. பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறது போல. எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

மற்றதெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தாள். 1971இல் சியாட்டிலில் ஒரே கடையாகத் தொடங்கியது. 2012இல் டாடாவோடு பாதிக்குப் பாதி கூட்டுச் சேர்ந்து மும்பையில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தார்கள். உள்ளூர்க் கூட்டாளி இருந்ததால் இடம் பிடிப்பது, அனுமதி வாங்குவது, குடகுக் காப்பியை வறுத்துத் தருவது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. 2028க்குள் இந்தியாவில் 1000 கடை என்பது அவர்கள் இலக்கு. ஆஸ்திரேலியாவில் சறுக்கியதையும் விடவில்லை. அங்கே இத்தாலியர்களும் கிரேக்கர்களும் ஏற்கெனவே நல்ல காப்பி குடிக்கப் பழக்கியிருந்தார்கள். 2008இல் 84 கடையில் 61ஐ மூடவேண்டி வந்தது.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் காப்பியின் இன்னொரு ரகமான அரபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அதுவரை காணாத உச்சம். அந்த விலையில் வாங்கினாலும் ஒரு கப்புக்குப் போகும் கொட்டையின் விலை 20 ரூபாய்க்குள் அடங்கிவிடும். கப் விற்பதோ 300 ரூபாய் பக்கம். மீதியெல்லாம் வாடகை, சம்பளம், பால், ஏசி, உட்காரும் நாற்காலி. அதனால்தான் கொட்டை விலை ஏறினாலும் இறங்கினாலும் கடை ஆட்டம் காண்பதில்லை. ஆனால் கொட்டையே இல்லாமல் போனால்? இதை அவள் எங்கேயும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வி எங்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை. எங்கள் முன்னோர் இலங்கைக்குப் போனது தேயிலை கிள்ள அல்ல, காப்பி பறிக்க. மன்னாரில் கரையேறி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869இல் அங்கே காப்பி இலையின் அடியில் ஆரஞ்சுத் தூளாக ஒரு பூஞ்சை கண்டது. இலைத்துரு. இருபது வருஷம்கூட ஆகவில்லை, உலகின் பெரிய காப்பி நாடுகளில் ஒன்றாக இருந்த இலங்கையில் காப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. துரைமார் பயிரை மாற்றிக்கொண்டார்கள், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த சனத்துக்கு மாற்றிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. அப்புறம் எங்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பிய 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். தாத்தா தலைமன்னாரில் கப்பலேறி, இங்கே தமிழக அரசின் தேயிலைத் தோட்டமான டான்டீயில் மறுபடி தேயிலைக்கே வந்து சேர்ந்தார். ஒரு பூஞ்சை எத்தனை தலைமுறையை அலையவைக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஸ்டார்பக்ஸுக்கும் இது தெரியாமல் இல்லை. 2013இலேயே கோஸ்டாரிகாவில் ஒரு தோட்டத்தை வாங்கி, துரு தாங்கும் ரகங்களை வளர்த்துப் பார்க்கிறார்கள். வருமுன் காக்கும் அந்த வேலையை நான் மதிக்கிறேன். அவர்கள் வாங்குவது அரபிகா மட்டும்தான். வெயில் கொஞ்சம் கூடினாலும் வாடுகிற செடி அது.

ரொபஸ்டா துருவைத் தாங்கும். அதன் கஷ்டம் வேறு. பிப்ரவரி, மார்ச்சில் மொட்டை மலரவைக்கும் பூமழை வேண்டும். வராவிட்டால் மொட்டு கருகும். மழை பெய்து ஒன்பது பத்து நாளில் மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூக்கும். அன்றைக்குப் பார்த்து மறுபடி மழை பெய்தால் மகரந்தம் கழுவிக்கொண்டு போகும், காய் பிடிக்காது. 2024இல் வியட்நாம் வறட்சியில் அங்கே விளைச்சல் குறைந்து, லண்டன் சந்தையில் ரொபஸ்டா டன்னுக்கு 5000 டாலரைத் தாண்டியது. சுல்தான் பத்தேரிக் கடையில் 54 கிலோ மூட்டை உண்டக்காப்பிக்கு, அதாவது தோலோடு காய்ந்த பழத்துக்கு, நான் வாழ்நாளில் பார்க்காத விலை கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் அங்கே ஒருவன் செடி காய்ந்த காசு அது என்பதும் மனசில் உறுத்தியது.

வயநாடு ரொபஸ்டாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பார்த்துப் பறித்து, பதமாகக் காயவைத்த ரொபஸ்டா எந்த நல்ல கடையிலும் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம். இந்தியாவில் 1000 கடை திறக்க நினைக்கும் நிறுவனம், இந்த மலைக் கொட்டைக்கும் பலகையில் ஓரிடம் தர வேண்டும். அரபிகா தடுமாறும் காலத்தில் அது அவர்களுக்கும் கைகொடுக்கும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே காய்ந்த பழம் ஒன்றை அவள் காதருகே குலுக்கிக் காட்டினேன். உள்ளே கொட்டை கலகலவென்று ஆடினால்தான் காய்ந்தது என்று அர்த்தம். ஆடவில்லை. இன்னும் மூன்று நாள் வெயில் வேண்டும் என்றேன். "மூணு நாளைக்குள்ள மழை வந்தா மாமா?" என்று கேட்டவள், அங்கேயே உட்கார்ந்து அந்த நாலு வரியை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள்.