கம்பைலரைத் தொட்டால் மூலநிரலைக் கொடுக்க வேண்டுமா?

“ஜிசிசி போன்ற ஓப்பன் சோர்ஸ் கருவியைத் தொட்டாலே உங்கள் மூலநிரலை ஊருக்கே கொடுக்கணும், காசுக்கு விற்கக் கூடாது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஜிசிசி என்பது ஒரு கம்பைலர்: நாம் எழுதும் மூலநிரலை, கணினியில் ஓடும் மென்பொருளாக மாற்றும் கருவி. அந்தச் செய்தி சொல்வது இரண்டுமே தவறு.

கருவியால் ஒன்றை உருவாக்குவது வேறு, பிறர் நிரலையே உங்கள் மென்பொருளுக்குள் சேர்ப்பது வேறு. ஜிசிசி தன் நூலகத் துண்டுகளைச் சேர்க்கத்தான் செய்கிறது. அதற்கென்றே அதன் உரிமத்தில் தனி விலக்கு உண்டு, அதனால் உங்கள் மூலநிரலைக் கொடுக்க வேண்டியதில்லை. ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வந்த பிறர் நிரலைச் சேர்த்து வெளியே விநியோகித்தால்தான் மூலநிரல் தரும் கடமை வரும். அப்போதும் விற்கத் தடையில்லை. அந்த நிரல் எம்ஐடி என்ற இன்னொரு உரிமத்தில் வந்தது என்றால் பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்தால் போதும்.

சரி, கவனம் எங்கே தேவை? இந்த உரிமங்கள் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. பிழையால் நட்டம் வந்தால் வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார்.

ஜிசிசியை உருவாக்கிய குனு திட்டத்தின் இணையதளத்தில் உள்ள ஜிபிஎல் கேள்வி-பதில் பக்கத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி பார்வர்டு செய்யாதீர்கள்.