எந்தப் பக்கம் நடப்பது?

மகள் லேர்னர்ஸ் டெஸ்ட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். இருபத்தைந்து வருடமாக வண்டி ஓட்டுகிற தெம்பு.

"நடைபாதை இல்லாத ரோட்டில் பாதசாரிகள் எந்தப் பக்கம் நடக்கணும்?"

இடது பக்கம் என்றேன். "தப்புப்பா, வலது பக்கம்" என்றாள். நம்பாமல் போனை வாங்கிப் பார்த்தேன். வலதுதான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில் சின்ன வயதிலிருந்து நடக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சொன்ன 'இடது பக்கம் செல்' என்ற ஒரே பாடம்தான் எல்லாருக்கும். அது வண்டிக்கான விதி. நடப்பவர் வலது ஓரம் போனால் எதிரே வருகிற லாரி கண்ணில் படும், சட்டென்று மண்ணில் இறங்கிவிடலாம். இடது ஓரம் போனால் லாரி முதுகுக்குப் பின்னால் வரும். ஹாரன் சத்தத்தை நம்பித்தான் உயிர்.

எனக்கு உறுத்துவது வேறு. நடப்பவருக்கான இந்த விதி, வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு வைக்கும் பரீட்சையில் இருக்கிறது. சந்தைக்கு நடந்தே போகும் ஆத்தா எந்தக் காலத்தில் லேர்னர்ஸ் எழுதப் போகிறார்? அடிபட்டால் மட்டும் "ரோட்டில் ஒழுங்காக நடக்கத் தெரியவில்லை" என்கிறோம். 2022-இல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். அரசு வெளியிட்ட கணக்கு இது.

சைக்கிள் இன்னும் குழப்பம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மிதிக்கிற சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை. அதனால் லைசென்ஸும் இல்லை, டெஸ்ட்டும் இல்லை. எங்கள் பக்கம் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கேன்களைத் தொங்கவிட்டுக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் வலது ஓரமாகவே வருவார்கள். லைட்டும் கிடையாது. ஒரு பெரியவரை நிறுத்திக் கேட்டேன்.

"ஏனுங்க, எதிரே வர்ற வண்டின்னா கண்ணுக்குத் தெரியுமுங்க. பின்னாடி வந்து இடிச்சா என்னங்க பண்றது?"

நடப்பவருக்கான நியாயத்தை அப்படியே சைக்கிளுக்குச் சொல்கிறார்! ஆனால் கணக்கு உதைக்கிறது. அவர் 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறார், வண்டி 50-இல் வருகிறது என்று வையுங்கள். எதிரெதிரே வந்தால் இரண்டும் சேர்ந்து 65. ஒரே திசையில் போனால் வித்தியாசம் 35-தான். நடப்பவர் ஓர் எட்டு விலகிவிடுவார், கேன் கட்டிய சைக்கிள் எங்கே விலகும்? வளைவிலிருந்து வருகிற டிரைவரும் தன் பக்கத்தில் எதிரே ஒரு சைக்கிளை எதிர்பார்க்க மாட்டார். "நடந்தா எதிர்ல, மிதிச்சா கூடவே" என்று மகள் சுருக்கிச் சொன்னாள். நான் பெரியவரிடம் அரை மணி நேரம் விளக்கினேன்.

அந்தக் காலத்தில் லைட் இல்லாத சைக்கிளைப் பிடித்தால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடுவாராம். அப்பா அதற்குப் பயந்தே டைனமோ வாங்கியவர். இப்போது பின்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டக்கூட ஆள் இல்லை.

நடைபாதை இருந்தால் இந்த இடது வலது பேச்சே வேண்டாம். சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் போட்ட வழக்கில்தான், நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. எங்கள் ரோட்டில் அந்த உரிமையின் மேல் தேங்காய் மட்டை குவிந்து கிடக்கிறது.

டெஸ்ட்டில் இன்னொரு கேள்வியும் உண்டு. பார்வையற்றவர் வெள்ளைக் கோலோடு ரோட்டைக் கடந்தால், அந்தக் கோலையே வண்டியை நிறுத்தச் சொல்லும் சைகையாக டிரைவர் எடுத்துக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் வைத்திருக்கும் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கும்? எனக்கில்லை.

மகள் பாஸாகிவிட்டாள். நான் ஒரு வாரமாக வலது ஓரம் நடக்கிறேன். நேற்று எதிரே பைக்கில் வந்த பக்கத்து வீட்டுக்காரர் வேகத்தைக் குறைத்து, "அண்ணா, ராங் சைடுல போறீங்க, பாத்து!" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.