பத்து வருசம் ஆனால் ஏசியை மாற்றியே ஆக வேண்டுமா?

பத்து வருசம் தாண்டிய ஏசியைக் கழற்றிவிட்டு இன்வேர்ட்டர் ஏசி வாங்குங்கள் என்கிறது ஒரு கட்டுரை, பொதுவாகச் சரிதான், ஆனால் மட்டக்களப்பில் கல்லடி, நாவலடி என்று கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு வயதைவிட உப்புக்காற்றுத்தான் கணக்கு. வெளிப்பெட்டியின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். வாங்கும்போது கொயிலுக்கு, அதாவது அந்தத் தகடுகளோடு சேர்ந்த குழாய்ச் சுருளுக்கு, துருத்தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள், கடலைப் பார்த்த சுவரில் மாட்ட விடாதீர்கள்.

பழைய ஏசியில் குளிரூட்டுவது ஆர்-22 என்ற காஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். ஓசோன் படலத்தைக் காக்கிற மொன்றியல் உடன்படிக்கைப்படி 2030 ஓடு ஏறக்குறைய நிற்கப்போகிற சாமான் அது, கசியக் கசிய அடைத்துக் கொண்டிருப்பது வீண்.

புதிதாகப் பூட்டுபவர்கள் முதலில் கூரையைப் பாருங்கள். ஆனி ஆடியில் வீசும் கச்சான் என்ற சூட்டுக் காற்றில் சீலிங் இல்லாத அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழே ஒரு டன், அதாவது மணிக்கு 12,000 பிடியு வெப்பத்தை வெளியேற்றும், ஏசி போட்டால் அது முழுவேகத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அறை குளிர்ந்தபிறகு மோட்டார் மெதுவாக ஓடுவதால்தானே இன்வேர்ட்டரில் கரண்ட் மிச்சம்? மாதம் 180 யூனிட் தாண்டினால் மேலதிகத்துக்கு உச்ச விலை வேறு. சீலிங் அடிக்கிற செலவு வலிக்கும், பரவாயில்லை.

அப்புறம், மார்கழி வெள்ளத்தை நினைத்து வெளிப்பெட்டியை நிலத்தில் வைக்காமல் உயரத்தில் பூட்டச் சொல்லுங்கள்.