கடிவாளத் துருவுக்குக் கழிப்பறை ஆசிட் வேண்டாம்

"குதிரையின் வாய்க்குள் போகும் கடிவாள இரும்பு துருப்பிடித்தால், கழிப்பறை கழுவும் ஆசிட்டில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஊறப்போடுங்கள், பளிச்சென்று ஆகிவிடும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. ஆபத்தும்கூட.

அந்த ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத லாயத்தில் ஆளுக்கும் குதிரைக்கும் மூச்சுத் திணறும். சரி, ஆசிட் மட்டும்? அதுவும் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்கூட அது பொடிப்பொடிக் குழிகளை அரித்துவிடும். இரண்டு துண்டாக வரும் கடிவாள இரும்பின் நடு மூட்டுக்குள் ஆசிட் மிச்சம் தங்கினால், நேரே குதிரையின் நாக்குக்குத்தான் போகும்.

வெறும் இரும்பானால், தோல் வார்களைக் கழற்றிவிட்டு வெள்ளை வினிகரில் சில மணி நேரம் ஊறவிடுங்கள். பழைய டூத் பிரஷால், மூட்டை அசைத்து அசைத்துத் தேயுங்கள். அப்புறம் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சமையல் எண்ணெய் லேசாகத் தடவுங்கள். செம்பு பதித்திருந்தால் வினிகர் வேண்டாம். சோடாவைக் குழைத்துத் தேய்த்தாலே போதும்.

முலாம் உரிந்து விரலைக் கீறுகிறதா? தயங்காமல் தூக்கிப் போடுங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே, பல்லே இல்லாத ஈறின் மேல் அழுந்துவது அந்த இரும்புதான்.

அமெரிக்க மாடுமேய்ப்பர் பாணியான வெஸ்டர்ன் சவாரியில் புழங்கும் 'ஸ்வீட் அயர்ன்' என்ற, துருப்பிடிக்கும் இரும்புக் கடிவாளம் மட்டும் விதிவிலக்கு. குதிரைக்கு எச்சில் ஊறட்டும் என்றே அதில் மெல்லிய துருவை விட்டுவைக்கிறார்கள். அதைச் சுரண்டவே வேண்டாம்.