நுங்கம்பாக்கத்தின் 200 ஆண்டு மழைக்கணக்குக்கு நாடாளுமன்றம் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்

புது ரேடார் என்றால் பணம் எப்படியாவது கிடைத்துவிடுகிறது. திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு, படம் உண்டு. இருக்கிற பழைய வானிலை நிலையம் தினமும் காலை 8.30க்குத் தவறாமல் மழையை அளந்து எழுத, ஆண்டுதோறும் கொஞ்சம் பணம் வேண்டும் என்று கேட்டால்தான் யார் காதிலும் விழுவதில்லை. தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களும் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது வகைப் பணத்தைத்தான்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1792ல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் வானாய்வகத்தைக் கட்டியது. கருவியைத் தாங்குவதற்கு அன்று நிறுத்திய 10 டன் கருங்கல் தூண் இன்றைக்கும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ் எழுத்தோடு. வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் பொறுப்பில் 1796 முதல் வானிலைக் குறிப்புகள் எழுதப்பட்டன. மழைக்கணக்கு 1813 முதல் இருக்கிறது. நட்சத்திரம் பார்க்கும் வேலை 1899ல் கோடைக்கானலுக்குப் போனது, மழை அளக்கும் வேலை இங்கேயே நின்றது. இந்திய வானிலைத் துறை தொடங்கியதே 1875ல்தான். துறையைவிட அதன் கணக்குக்கு வயது அதிகம்.

பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. பெய்தபோது 'வரலாறு காணாத மழை' என்றார்கள். 1918 நவம்பரில் 1,088 மி.மீ. பெய்திருக்கிறது. 1976 நவம்பர் 25 கணக்கில் ஒரே நாளில் 45 செ.மீ. மழைநீர் வடிகாலின் அளவைத் தீர்மானிக்கும் பொறியாளரிடம் 30 ஆண்டுக் கணக்கு மட்டும் இருந்தால், நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழையை அவர் ஊகிக்கத்தான் முடியும். 200 ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் அந்த ஊகத்தின் பிழை பெரிதும் சுருங்கும்.

ஆனால் கணக்கு நீளமாக இருந்தால் மட்டும் போதாது, ஒரே சீராகவும் இருக்க வேண்டும். அது கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கிட உதவும் ஈரக் குமிழ் வெப்பமானியைச் சுற்றியிருக்கும் மஸ்லின் துணியை வாரம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும், காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். கடற்கரை ஊரில் உப்பு படிந்து துணி விறைத்துப்போனால் ஆவியாவது குறையும், அளவு கூடுதலாகக் காட்டும். 30 டிகிரி வெயிலில் ஈரக் குமிழ் ஒரு டிகிரி தப்பினால் ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு மேல் தப்பும். வெப்பமானிகளை நேர் வெயில் படாமல் வைக்கும் ஸ்டீவன்சன் பெட்டியின் வெள்ளைப் பூச்சு மங்கினால் உள்ளே வெப்பம் ஏறும். குறைந்தபட்ச வெப்பமானியில் இருக்கும் ஆல்கஹால் இழை அறுந்து மேலே ஒட்டிக்கொண்டால், யாராவது கவனிக்கும்வரை தினமும் தப்பான எண்ணே பதிவாகும்.

மழைமானிக்கு இடம்தான் உயிர். பக்கத்துக் கட்டடமோ மரமோ தன் உயரத்தைப் போல குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். 30 மீட்டர் கட்டடம் என்றால் 60 மீட்டர். நகரின் நடுவே, நிலம் இந்த விலை விற்கும் இடத்தில், இந்த வெற்றிடத்தைக் காப்பது வானிலை அதிகாரி ஒருவரால் ஆகிற காரியமில்லை. அதற்கு அரசாணை வேண்டும்.

'தானியங்கி நிலையம் வைத்துவிட்டால் ஆள் எதற்கு?' என்று கேட்பார்கள். வைக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அதில் இருக்கும் டிப்பிங் பக்கெட் மழைமானி, சிறு கிண்ணம் நிரம்பி நிரம்பிக் கவிழ்வதை எண்ணித்தான் மழையைச் சொல்லும். கிண்ணம் கவிழும் நொடியில் விழும் நீர் கணக்கில் சேராது. மழை வலுக்க வலுக்க இந்த இழப்பு கூடும். வடகிழக்குப் பருவமழையில் நமக்கு முக்கியமே அந்த வலுத்த மழைதான். காய்ந்த இலை, பறவை எச்சம், எறும்புப் புற்று எது அடைத்தாலும் கருவி 'மழை இல்லை' என்றே சொல்லும். பக்கத்தில் 200 சதுர செ.மீ. வாயுள்ள சாதாரண மழைமானி இருந்து, ஒருவர் அளவுக்குவளையில் ஊற்றிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

வெப்பத்திலும் இதே சிக்கல். பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான சர்வதேச மினமாட்டா உடன்படிக்கையால் பாதரசக் கருவிகள் விடைபெறுகின்றன. மின்னணு உணரி பாதரசத்தைவிட வேகமானது, சில நொடிச் சூட்டையும் பிடித்துவிடும். 2003 மே 31ன் 45 டிகிரியை நாளை ஒரு உணரி முறியடித்தால், முறியடித்தது வெயிலா கருவியா என்று எப்படிச் சொல்வது? பழையதும் புதியதும் பக்கம் பக்கமாகக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஓட வேண்டும். சென்னைக்கு மூன்று பருவமழைகள் என்பேன். இங்கே ஒரு பருவம் இன்னொன்றைப் போல இருப்பதில்லை. இரட்டைக் கருவி, இரட்டை வேலை என்பதால் செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படக்கூடியதும் இதுதான்.

பழைய பதிவேடுகள் தனிக்கதை. ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஃபாரன்ஹீட், அங்குலம், கையெழுத்து. 6 எது, 0 எது? வெற்றுக் கட்டம் மழையில்லாத நாளா, அளக்காத நாளா? நேரமோ மெட்ராஸ் நேரம், இன்றைய இந்திய நேரத்துக்கு ஏறக்குறைய 9 நிமிடம் பின்னால். ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து, வேறுபடும் எண்களை மூன்றாமவர் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். பிறகு நாள் கணக்கின் கூட்டல் மாதக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் முதல் தட்டச்சோடு நின்றுவிடும்.

பணம் எங்கிருந்து வரும்? தொகுதி மேம்பாட்டு நிதியில் ஒரு எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆனால் அது நீடித்து நிற்கும் சொத்துகளுக்கானது. சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் அதில் கை வைக்க முடியாது. ஆகவே வழி, வானிலைத் துறையைத் தன்கீழ் வைத்திருக்கும் புவி அறிவியல் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைதான், அதாவது ஆண்டுச் செலவுக்கு அது நாடாளுமன்றத்திடம் கேட்கும் பணம். 2024 செப்டம்பரில் வானிலைக் கணிப்பை மேம்படுத்தும் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 2,000 கோடி ரூபாய் அனுமதித்தார்கள். ரேடார், செயற்கைக்கோள், சூப்பர் கம்ப்யூட்டர் எல்லாம் வரட்டும். அவை சொல்வது சரியா என்று பார்க்கத் தரையில் அளந்த எண் வேண்டுமே! நூறாண்டு கடந்த நிலையங்களுக்கென்று தனிக் கணக்குத் தலைப்பு, அதில் பணியாளர், அளவுத்திருத்தம், இணை அளவீடு, பதிவேடு என நான்கு உட்பிரிவுகள். கேட்பது இவ்வளவுதான். தனித் தலைப்பு இல்லையென்றால் பணம் பொதுச் செலவில் கரைந்துவிடும்.

பிப்ரவரி, மார்ச்சில் அறிவியல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இந்த அமைச்சகத்தின் கோரிக்கையை ஆராயும். அதற்கு முன்பே உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். மக்களவையில் கேள்வி கேட்க 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். 'அரசு ஆவன செய்யுமா' என்ற வகைக் கேள்வி வேண்டாம், 'செய்யும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எண் கேளுங்கள்: நுங்கம்பாக்கத்தில் அனுமதிக்கப்பட்ட அளவீட்டாளர் பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை? பாதரசக் கருவியும் மின்னணு உணரியும் சேர்ந்து ஓடியது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? 1796 முதலான பதிவேடுகளில் எத்தனை பக்கம் இருமுறை தட்டச்சாகிச் சரிபார்க்கப்பட்டிருக்கிறது?