டேப்லெட் கொடுத்தால் ஆச்சா?
தொண்டு நிறுவனங்கள் தரும் டேப்லெட்டுகளே ஆஸ்திரேலியாவின் ஒதுக்குப்புற அபொரிஜினல் (பூர்வகுடி) ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக் குறையைத் தீர்த்துவிடும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது எனக்கு ஒட்டவில்லை. டேப்லெட்டைக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போவது சுலபம். சிக்னலுக்கு என்ன வழி? அங்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் உள்ள சென்டர் ஃபார் அப்ரோப்ரியேட் டெக்னாலஜி என்ற அமைப்பு செய்ததைப் பாருங்கள். ரோட்டோரம் ஒரு டிஷ், அதன் எதிரே செல்போனை வைக்க ஒரு சின்னத் தாங்கி, அவ்வளவுதான். கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். எங்கோ தள்ளி நிற்கிற டவரின் மங்கலான சிக்னலை அந்த டிஷ் குவித்துக் கொடுக்கும். போனை வைத்துவிட்டு ஸ்பீக்கரில் பேசலாம். வெயிலில் கெட்டுப்போக அதில் எதுவுமே இல்லை! மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், செயற்கைக்கோள் வழி இணையம் தரும் "ஸ்டார்லிங்க்தான் வந்தாச்சே" என்கிறார். சரி, மாதக் கட்டணம் யார் கட்டுவது? ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கும் வடக்குப் பிரதேசத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) இந்த மாதிரி ஊர்களின் பல வீடுகளில் மின்சாரமே ப்ரீபெய்டு. காசு தீர்ந்தால் விளக்கோடு சேர்ந்து மோடமும் அணைந்துவிடும். டிஜிட்டல் வசதியில் 2026க்குள் பூர்வகுடிகளுக்கும் மற்றவர்களுக்கும் சமநிலை என்று, இரு தரப்புக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதற்கான 'க்ளோசிங் த கேப்' ஒப்பந்தத்தில் இலக்கு வைத்தது அரசு. அந்தப் பொறுப்பை நன்கொடையாளர் தலையில் கட்டிவிட்டு அரசு நழுவலாமா? கொடுக்க நினைப்பவர்கள் டேட்டா செலவுக்கும், பழுது பார்க்கத் தெரிந்த உள்ளூர் இளைஞர் ஒருவரின் சம்பளத்துக்கும் கொடுக்கட்டும்.